நாற்பத்திரண்டு திறன்களும் ஒரு ஜோடி ஷூவும்

தை மாதக் கடைசித் திங்கட்கிழமை, காலை பதினொன்று ஐந்துக்குப் பயிற்சி தொடங்கியது. ஒன்பதரைக்கு என்று அறிவித்திருந்தார்கள். ஒன்பதரைக்கே வந்து தரையில் உட்கார்ந்திருந்த பதினாறு பெண்களிடம் தாமதத்துக்கு யாரும் வருத்தம் சொல்லவில்லை. வந்ததும் பயிற்சியாளர் சொன்ன முதல் வாக்கியம் நேரம் தவறாமையைப் பற்றியது. அதை அன்றைக்கே டைரியில் எழுதி வைத்தேன். இப்படிப்பட்டவற்றை எழுதி வைக்காவிட்டால் பிற்பாடு நானே நம்ப மாட்டேன்.

ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஒரு சிறுதானிய அரவைக் கூடத்தில் எனக்கு வேலை. இருப்புப் பதிவேடு, வரத்துச் சீட்டு, தினசரி இயந்திரப் பதிவு எல்லாம் என் பொறுப்பு. வீடு சந்தவாசல் பக்கம். வாரத்தில் ஆறு நாள் மலை ஏறி இறங்குகிறேன். மலைக்காரர்கள் விளைவித்த சாமையை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். கல் நீக்கி, தோல் நீக்கி, சலித்து, மூட்டை தைத்து வேலூர்ப் பக்கத்துக் கடைகளுக்கு அனுப்புவோம். பெரிய ஆலை ஒன்றும் இல்லை. தகரக் கூரை, சிமென்ட் தரை, வரிசையாக நான்கு இயந்திரங்கள்.

அவற்றில் தோல் நீக்கும் இயந்திரம்தான் உயிர். அதை மூன்று வருடமாக ஓட்டிவந்தவர் எட்டாவது வரை படித்த ஒரு பெண். பக்கத்துக் குக்கிராமம், நாற்பது வயது இருக்கும். கூடத்தில் எல்லாரும் அவரை மிஷின்காரம்மா என்பார்கள். ஆனால் பதிவேட்டில் ஆபரேட்டர் அவர் இல்லை. ஐ.டி.ஐ. படித்தவர்தான் ஆபரேட்டராக இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால், கலசப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பியை வேலைக்கு எடுத்திருந்தார்கள். நல்ல பையன், ஃபிட்டர் படிப்பு. சுவிட்சைப் போடுவான், கையெழுத்துப் போடுவான், பிறகு செல்போனோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவான். தினமும் மாலையில் இயந்திரப் பதிவில் அவன் பெயரை எழுதியவன் நான். வீட்டுக்கு வந்து டைரியில், ‘இன்றும் ஓட்டியது அந்தம்மாதான்’ என்று எழுதியவனும் நான்தான். மூன்று வருடம் இரண்டு நோட்டில் இரண்டு விதமாக எழுதிக்கொண்டு, உள்ளதை உள்ளபடி பதிகிறவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கேவலம் அங்கிருந்தே தொடங்குகிறது.

அதனால் திறன் அடிப்படையிலான பயிற்சி என்று ஓர் அறிவிப்பு வந்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கருத்து எளிமையானது, நேர்மையானதும்கூட. ஒருவர் என்ன படித்தார் என்று பார்க்காதே, என்ன செய்ய முடிகிறது என்று பார். வேலையைத் துண்டு துண்டாகப் பிரி, ஒவ்வொரு துண்டையும் செய்துகாட்டச் சொல், முடியாததைக் கற்றுக்கொடு. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? மிஷின்காரம்மாவுக்கென்றே எழுதியதுபோல இருந்தது.

மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். இனி ஐ.டி.ஐ. கட்டாயம் இல்லை. தேர்வில் தேறுகிறவர்தான் ஆபரேட்டர், அவருக்கு நிரந்தர வேலை. தேறாதவர்கள் இயந்திரத்தைத் தொடக்கூடாது. மூட்டை தைக்கப் போக வேண்டும். மூட்டை தைப்பது பருவ வேலை, சித்திரை பிறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக மிஷின்காரம்மாவுக்கு இரண்டில் ஒன்று: நிரந்தர வேலை, இல்லையென்றால் சித்திரைக்கு மேல் வேலையே இல்லை. ‘உதவியாள்’ என்ற பெயரில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க அதுவரை இருந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. “செஞ்சு காட்டணும், அவ்ளோதானே சார்? தெனமும் செய்யறதுதானே,” என்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மலைக்காரப் பெண் என்றதும் பரம்பரை அறிவு, ரத்தத்தில் ஊறியது என்று உருகுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை கேமராவோடு வருவார்கள். அவர்கள்மீது எனக்குப் பயிற்சிக்காரர்கள்மீது இருக்கும் அளவு வெறுப்பு உண்டு. அந்தம்மாவின் ரத்தத்தில் சாமை அரவை இயந்திரம் எதுவும் ஊறியிருக்கவில்லை. முதல் மாதம் இரண்டு மூட்டையை முழுக்க நொய்யாக்கினார். அதுவும் டைரியில் இருக்கிறது. அப்புறம் தானாக ஒரு முறையைக் கண்டுபிடித்தார். ஒரு கறுப்புத் தட்டு. மூட்டைக்கு ஒருதரம் இயந்திரத்தின் வாயிலிருந்து ஒரு கை அரிசியை எடுத்து அந்தத் தட்டில் பரப்பி, தோல் போகாதது எத்தனை, உடைந்தது எத்தனை என்று எண்ணுவார். தோல் அதிகமாக நின்றால் தானியம் விழும் கதவை ஒரு நூலளவு மூடுவார், உடைசல் அதிகமானால் வேகத்தைக் குறைப்பார். நனைந்த மூட்டை என்றால் ஓட்டவே மாட்டார், வெயிலில் போடச் சொல்லித் திருப்பி அனுப்புவார். பார்த்து, எண்ணி, திருத்தும் வேலை. யாருக்கும் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒன்றுதான். திறன் என்ற சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் அந்தக் கூடத்தில் இல்லை.

மூன்று நாள் பயிற்சியில் அந்தக் கறுப்புத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை.

முதல் நாள் முழுக்கப் பந்து விளையாட்டு. வட்டமாக நிற்க வேண்டும், பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் தன்னைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொல்ல வேண்டும். பதினாறு பெண்களும் பந்தை நெருப்பைத் தொட்டதுபோல அடுத்தவர்மேல் எறிந்தார்கள். இரண்டாம் நாள் திரையில் படங்கள். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். இதற்கு முந்தைய வாரம் ஒரு செருப்புக் கடை ஊழியர்களுக்கு இதே படங்களைக் காட்டினாராம், அவரே பெருமையாகச் சொன்னார்.

“அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள நீங்க எங்க பாக்கறீங்க?” என்று மிஷின்காரம்மாவைக் கேட்டார்.

“அஞ்சு வருசம் இருக்கட்டும் சார். இந்த பெல்ட்டு அஞ்சு மாசம் தாங்குமா? அத சொல்லுங்க மொதல்ல. ஓரமெல்லாம் பிஞ்சு கீது.”

பெண்கள் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். பெல்ட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நாளும் எல்லாரையும் உட்காரவைத்தது இயந்திரத்திலிருந்து பத்தடி தூரத்தில். இயந்திரம் ஓடியது மொத்தம் நாற்பது நிமிடம்.

தேர்வுக்கு ஒரு திறன் பட்டியல் இருந்தது. நாற்பத்திரண்டு வரிகள். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் எழுதித்தரும்படி மேலாளர் என்னிடம் கொடுத்தார். அரிசி ஆலைக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று மூன்றாம் வரியிலேயே தெரிந்துவிட்டது, நெல் வேகவைக்கும் கொதிகலன் பற்றி இரண்டு வரி இருந்ததே. அந்த இரண்டை அடித்தேன். மேலாளர், “இருக்கட்டும் சார், எண்ணிக்கை கொறையக் கூடாது,” என்றார். திரும்ப எழுதினேன்.

பட்டியலில் நான்கு வரிகளுக்கு எதிரே ‘கட்டாயம்’ என்று இருந்தது. அவற்றில் ஒன்று தவறினாலும் மற்ற முப்பத்தெட்டும் வீண். நான்கில் ஒன்று, இயந்திரத்தின் அருகே பாதுகாப்புக் காலணி அணிந்திருப்பது.

அந்த வரியை எழுதும்போது என் பேனா நின்றது. ஏனென்றால் அந்தக் கூடத்துக்குள் யாரும் செருப்போடு போனதில்லை. தானியம் கிடக்கும் இடம் இந்த மக்களுக்குக் களம். களத்தில் செருப்புக் கால் படாது. களம் சாணி மெழுகியதா சிமென்ட் போட்டதா, மேலே வானமா தகரமா என்பதெல்லாம் கணக்கில்லை. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும், என்னுடையதும் அங்கேதான் கிடக்கும். இது தெரிந்தும், நின்ற பேனாவை நகர்த்தி அந்த வரியை அழகாக எழுதி முடித்தேன். யாராவது சொல்லிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அந்த யாராவது ஒருவனாக இருக்க என்னைவிடத் தகுதியானவன் அங்கே இருக்கவில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

காலணி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. காலில் எடைக்கல் விழுந்து விரல் நசுங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஷூ வேண்டியதுதான். பிரச்சினை அது இல்லை.

வியாழக்கிழமை தேர்வு. முதலில் ஐ.டி.ஐ. தம்பி. ஷூ, ஹெல்மெட், முகமூடி எல்லாம் அணிந்து விண்வெளிக்குப் போகிறவன்போல வந்தான். பாகங்களின் பெயரை ஒப்பித்தான். அன்று காலை மிஷின்காரம்மா கதவும் வேகமும் சரிசெய்து வைத்திருந்த இயந்திரத்தில் அரை மூட்டை ஓட்டினான். நன்றாகவே வந்தது. வராமல் எங்கே போகும்? நாற்பத்திரண்டுக்கு நாற்பது. கொதிகலன் இல்லாததால் அந்த இரண்டு மட்டும் இல்லை.

அடுத்து அவர். கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு, குதிரைக்குட்டிபோல நடந்து வந்தார். வாசல்வரை வந்தார். வாசலில் குனிந்து இரண்டையும் கழற்றி, ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். யோசித்துச் செய்ததில்லை. ஷூ போடு என்றார்கள், போட்டார். உள்ளே போகும்போது கழற்றுவது என்பது மூச்சுவிடுவதுபோல, அதை யார் பட்டியலில் தேடுவார்கள்?

இருபத்தைந்து நிமிடம் அருமையாகச் செய்தார். பயிற்சியாளரே வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். கடைசியில் புகைப்படம் எடுக்க டேப்லெட்டைத் தூக்கியபோதுதான் காலைக் கவனித்தார்.

“ஷூ எங்கம்மா?”

“வெளியில கீது சார்.”

“ஏன்?”

“உள்ள தானியம் கீதே.”

கூடத்தில் இருந்த எங்கள் அத்தனை பேருக்கும் அது முழுமையான பதில். பயிற்சியாளருக்கு அது பதிலே இல்லை. “தானியம் இருந்தா என்ன?” என்றார்.

அந்தம்மா அவரை இரக்கத்தோடு பார்த்தார். “இன்னா சார் இப்டி கேக்கறீங்க? சோறு துன்ற எடத்துல செருப்போட போவீங்களா நீங்க?”

“அதெல்லாம் புரியுதும்மா. ஆனா இது கட்டாயம். என் கையில இல்ல.”

அவர் கையில்தான் இருந்தது. விரலால் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டார். மற்ற வரிகளில் பச்சை டிக் பச்சையாகவே இருக்க, அடியில் ‘இன்னும் தகுதி பெறவில்லை’ என்று ஒரு கட்டம் தானாக எழுந்தது. மறுதேர்வு ஆறு மாதம் கழித்து. நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் கோணி ஊசியோடு மூட்டை தைக்க உட்கார்ந்தார்.

அடுத்த திங்களும் செவ்வாயும் தம்பி தனியாக ஓட்டினான். அந்தச் சரக்கு பனியில் நனைந்து வந்தது. அதை ஓட்டவே கூடாது. அவனுக்கு எப்படித் தெரியும்? பட்டியலில் ஈரப்பதம் பார்ப்பது முப்பத்தோராவது வரியாக இருந்தது. அதற்கான கருவி எங்களிடம் இல்லாததால் ‘வாய்மொழியாக விளக்கினார்’ என்று டிக் போட்டிருந்தார்கள். முப்பது மூட்டை போனது. சனிக்கிழமை பிற்பகல் லாரி திரும்பி வந்தது. பாதி நொய், மீதியில் தோல். கணியம்பாடிக் கடைக்காரர் ஒருவர் ஒரு கவரில் சாம்பிளைப் போட்டு மேலே, ‘இது கோழிக்கா?’ என்று எழுதி அனுப்பியிருந்தார்.

மேலாளர் நேரே மூட்டை தைக்கும் இடத்துக்கு வந்தார். நானும் பின்னால் போனேன்.

“அக்கா, கொஞ்சம் வந்து மிஷினப் பாருங்க.”

மிஷின்காரம்மா ஊசியை நிறுத்தவில்லை. “எனக்கு அந்தத் திறன் இல்லீங்களே சார். பேப்பர்லயே போட்டுக் குட்த்தாங்களே.”

பக்கத்தில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள்.

“அதெல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கா.”

“அப்ப அந்த ஃபார்மாலிட்டிய முடிச்சுட்டு கூப்டுங்க. ஓடியாறேன்.”

“அவசரம்க்கா. திங்கக்கிழம லோடு போணும்.”

“தெரியாதவங்க தொட்டா கை போய்டும் சார். நீங்கதானே சொன்னீங்க.”

ஐ.டி.ஐ. தம்பி அழாத குறையாக முன்னால் வந்தான். “அக்கா, எனக்காகவாவது வாங்கக்கா. திட்றாங்க என்னை.”

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. “தம்பி, உனக்காகத்தானே மூணு வருசமா ஓட்னேன்,” என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன எதிர்பார்த்தாரோ தெரியாது. அன்றைக்குத்தான், மூன்று வருடத்தில் முதல்முறையாக, “அவங்க சொல்றது சரி சார்,” என்றேன். வீரம் எதுவும் இல்லை. திரும்பி வந்த மூட்டைகளை இருப்பில் ஏற்ற வேண்டியவன் நான்.

ஆறு மாதம் என்ற விதி சனி மாலையிலிருந்து புதன் காலைக்குள் நான்கு நாளாகச் சுருங்கியது. மேலாளர் யாரோடு எத்தனை முறை போனில் பேசினாரோ. கல்லில் செதுக்கியதுபோல நீட்டும் விதிகளெல்லாம் ஒரு லாரி திரும்பி வந்தால் களிமண்ணாகிவிடுகின்றன.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மிஷின்காரம்மா என்னிடம் வந்தார்.

“சார், அந்தப் பேப்பர்ல ஷூ வெளியில இருந்து போட்டுனு வரணும்னு எழுதிக் கீதா?”

“இல்ல. மிஷின்கிட்ட போட்டிருக்கணும், அவ்வளவுதான்.”

“அப்ப அது உள்ளயே இருக்கட்டுமே. தெருவுல இழுத்துனு வர்றதுதானே தப்பு? வெளிய போகாத ஷூ இன்னா பண்ணும்?”

சொல்லிவிட்டுத் தொட்டியடிக்குப் போய் ஷூவின் அடிப்பக்கத்தைத் தேங்காய்நார் வைத்துத் தேய்த்துக் கழுவினார். வெயிலில் காயவைத்தார். கதவுக்கு உள்பக்கம் ஒரு பலகை போட்டு அதன்மேல் வைத்தார். மொத்தம் ஒரு மணிநேரம், காய்ந்த நேரம் உட்பட. பயிற்சி, பட்டியல், படங்கள், பந்து, சென்னைக்காரருக்கு மலைமேல் ஏ.சி. அறை தேடி அலைந்தது அத்தனைக்கும் நடுவில், “ஷூ போட்டு வேலை செய்யணும், எப்படிச் செய்யலாம்?” என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும் விடை இது. வேலை செய்கிறவரிடம் கேட்பது என்பது அந்த நாற்பத்திரண்டில் இல்லை. என்னுடைய திறன்களிலும் இல்லை.

புதன்கிழமை வெறுங்காலோடு வாசலைத் தாண்டி, பலகையில் உட்கார்ந்து ஷூவைப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் திரும்பச் செய்துகாட்டினார். பயிற்சியாளர் பச்சைக் குறிகளைத் தட்டினார். கை கொடுத்தார். படம் எடுத்தார். அந்த மாதமே சான்றிதழும், நிரந்தர ஆபரேட்டர் என்ற ஆணையும் வந்தன. இயந்திரப் பதிவில் அவர் பெயரை எழுதினேன். தம்பி பழுது பார்க்கும் வேலைக்கு மாறினான். அதற்குத்தான் படித்திருந்தான். முதல் காரியமாக பெல்ட்டை மாற்றினான்.

பங்குனியில் பயிற்சி நிறுவனத்தின் வழவழப்பான அறிக்கை வந்தது. ஏழாம் பக்கத்தில் அவர் படம். அடியில் இரண்டு வரி: பயிற்சிக்கு முன், மூட்டை தைக்கும் தொழிலாளி, பயிற்சிக்குப் பின், இயந்திர ஆபரேட்டர்.

பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் அருவருப்பு. அச்சுக்கு முன்பே சரிபார்க்க என்னிடம் வந்தது. ஓரத்தில் நாள் வாரியாக எழுதி அனுப்பினேன்: மூட்டை தைத்தது ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள், அதற்கு முன் இதே இயந்திரத்தில் மூன்று வருடம், மூட்டை தைக்க வைத்ததே உங்கள் தேர்வு. ‘இடம் போதாது’ என்று பதில் வந்தது. என் கையாலேயே எழுதிய மூன்று வருடப் பொய்ப் பதிவு இருக்கும்போது அதற்குமேல் சண்டை போட எனக்கும் வாய் இல்லை.

அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். கொதிப்பார் என்று நினைத்தேன்.

“படம் நல்லா கீது,” என்றார். பிறகு, “சார், இந்த சர்டிபிகேட்ட யாராச்சும் திருப்பி வாங்கிக்க முடியுமா?”

நான் அதன் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளை ஏற்கெனவே படித்திருந்தேன். “ரெண்டு வருஷம்தான் செல்லும். அப்புறம் மறுபடி பரீட்சை.”

“இதே ஆளா?”

“வேற ஆள் வரலாம். வேற பட்டியலும் வரலாம்.”

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“இப்ப கீற பட்டியல எடுங்க. மொதல்லருந்து படிங்க. ஒண்ணு வுடாம. இன்னும் இன்னா இன்னா வெச்சிக்கிறாங்கனு பாக்கறேன். நமக்கு வோணுங்கறது எது, வோணாங்கறது எதுன்னு நீங்க எழுதுங்க, நான் கையெழுத்து போடறேன். அடுத்து வர்றவன் வர்றதுக்கு முன்ன அது அவன் கையில இருக்கட்டும்.”

படித்தேன். ஆறாம் வரியில் நிறுத்தச் சொன்னார். ஒன்பதாவதை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். கொதிகலன் வந்தபோது, “இது இன்னாது?” என்றார். சொன்னேன். “இத எழுதுனது யாரு சார்?”

“தமிழ்ல எழுதினது நான்தான்,” என்றேன்.

அவர் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, அந்த இரண்டு வரிகளையும் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்துவிட்டு, “மேல படிங்க,” என்றார்.